கேப்சூல் 24 ரூபாய், மாத்திரை 3 ரூபாய்

நான் படிப்பது பி.காம். கெமிஸ்ட்ரி பக்கம் பத்தாவதோடு தலைவைத்துப் படுத்ததில்லை. "உனக்கெதுக்குடா ஃபிளாவனாய்டு?" என்று கேட்கப்போகும் வகுப்புத் தோழர்களுக்கு: எல்லாம் எங்கள் பெரியப்பாவால் வந்தது.

போன மாதம் அவர் வீட்டு மேஜையில் ஒரு டப்பா பார்த்தேன். 60 கேப்சூல், 1,450 ரூபாய். ஒவ்வொன்றிலும் குவெர்செடின் 500 மில்லிகிராம். விற்றவர் வேறு யாருமில்லை, காலையில் கூட வாக்கிங் போகிறவர்தான். "பிரஷரைக் குறைக்கும் சார். வெங்காயத்துல இருக்கறதுதான். இயற்கை, அதனால சைடு எஃபெக்டே கிடையாது" என்றாராம். பெரியப்பா என்ன செய்தார் தெரியுமா? டாக்டர் எழுதிக் கொடுத்த பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார்! மூன்றாவது வாரம் பாத்ரூமில் தலைசுற்றி விழுந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் 190/110. நல்லவேளை, ஆள் தப்பித்தார்.

அந்தக் கோபத்தில்தான் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஃபிளாவனாய்டு டுபாக்கூர் இல்லை. பூவுக்கும் பழத்துக்கும் நிறம் கொடுப்பது, வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து இலையைக் காப்பது என்று செடிகளுக்கு அதனால் நிறைய வேலை ஆகிறது. வெங்காயத்தில் குவெர்செடின், ஆரஞ்சில் ஹெஸ்பெரிடின், தேயிலையில் கேட்டெச்சின். 1936-ல் ஹங்கேரி விஞ்ஞானி சென்ட்-ஜார்ஜி இவற்றுக்கு 'வைட்டமின் பி' என்று பெயரே வைத்தார் (நமக்குத் தெரிந்த பி1, பி12 அல்ல, அது வேறு எழுத்து). இது இல்லாமல் போனால் வருகிற நோய் என்று எதையும் காட்ட முடியாததால், 1950-ல் அந்தப் பெயரைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். இன்றைக்கும் டயோஸ்மின் என்ற ஃபிளாவனாய்டை மூலத்துக்கும் கால் நரம்புச் சுருட்டலுக்கும் டாக்டர்கள் எழுதுகிறார்கள். ஆக, என் சண்டை செடியோடு இல்லை, விற்கிறவரோடு.

சரி, குவெர்செடின் பிரஷரைக் குறைக்குமா? குறைக்கும்! 2016-ல், 587 பேரிடம் நடந்த 7 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். மேல் அளவு சராசரியாக 3 புள்ளி குறைந்திருந்தது. பெரியப்பாவின் 190-ல் 3 போனால் 187. இதற்குத்தான் மாத்திரையை நிறுத்தினாரா மனுஷன்?

கணக்கு என்றால் நம்ம ஏரியா. கேப்சூல் ஒன்று 24 ரூபாய். அவர் நிறுத்திய மாத்திரை ஒன்று 3 ரூபாய். எட்டு மடங்கு காசு கொடுத்துக் குறைவான பலனை வாங்கியிருக்கிறார். இதை எந்த லெட்ஜரில் எந்தப் பக்கம் எழுதுவது?

அடுத்தது அந்த 'ஆன்டி-ஆக்ஸிடன்ட்' மந்திரம். சோதனைக் குழாயில் ஃபிளாவனாய்டு சூரப்புலிதான். ஆனால் வயிற்றுக்குள் போனதும் குடலும் கல்லீரலும் அதை வேறு வேறு பொருளாக மாற்றிவிடுகின்றன. குழாயில் வந்த எண்ணை உடம்புக்குப் பொருத்த முடியாது. அமெரிக்க விவசாயத் துறை எந்த உணவில் எவ்வளவு ஆன்டி-ஆக்ஸிடன்ட் சக்தி என்று ஒரு பெரிய பட்டியலே வைத்திருந்தது. கம்பெனிகள் அதைக் காட்டியே வியாபாரம் செய்ததால், 2012-ல் தன் தளத்திலிருந்து அதைத் தூக்கிவிட்டது.

'இயற்கை' என்கிறார்களே, 100 கிராம் வெங்காயத்தில் குவெர்செடின் சுமார் 20 முதல் 40 மில்லிகிராம்தான். 500 வேண்டுமென்றால் குறைந்தது ஒன்றேகால் கிலோ தின்ன வேண்டும். எந்தத் தாத்தா தினமும் அப்படித் தின்றார்? பிழிந்து, வடித்து, செறிவாக்கி அடைத்த பிறகு அதை வெங்காயம் என்று சொல்லி விற்கக்கூடாது. கிரீன் டீயையே பாருங்கள். டம்ளரில் குடித்தால் பயமில்லை. அதே கேட்டெச்சினைச் சாறெடுத்து மாத்திரையாக தினம் 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்தால் கல்லீரலுக்கு ஆபத்து வரலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எச்சரித்தது.

கடைசியாக, எங்கள் பிசினஸ் லா பாடத்திலிருந்து. இந்த மாதிரி டப்பாக்களில் 'மருத்துவப் பயன்பாட்டிற்கு அல்ல' என்று அச்சடிக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. பெரியப்பா டப்பாவிலும் இருந்தது, பொடி எழுத்தில். ரத்த அழுத்தம், நீரிழிவு போன்ற நோய்களைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை 1954-ம் வருடச் சட்டம் ஒன்று தடுக்கிறது. அந்தச் சட்டத்தின்படி வாயால் சொல்லும் அறிவிப்பும் விளம்பரம்தான். ஆனால் பார்க் பெஞ்சில் நடக்கும் வியாபாரத்தை யார் போய்ப் பிடிப்பது? டப்பா ஒன்று சொல்கிறது, வாய் வேறு சொல்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது அறுபது வயசுக்காரர்கள்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். அப்பாவின் மருந்து டப்பாவைத் திறந்து பாருங்கள். புதுசாக ஏதாவது சேர்ந்திருந்தால், பழசில் எதை நிறுத்தினார் என்று கேளுங்கள்.

டிஸ்கி: சாம்பாரில் சின்ன வெங்காயத்தைத் தாராளமாகப் போடுங்கள். அது மருந்து என்பதால் அல்ல, ருசி என்பதால் :-)