குளியலறைக்குப் புதுப் பொலிவு

புதுச்சேரி வைசியாள் வீதிப் பக்கம் சுண்ணாம்புச் சுவர் வீடுகள் இன்னும் உண்டு. அந்தக் குளியலறைகளுக்கு, "பளபளன்னு இருக்கட்டுமே" என்று ஆயில் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயிண்ட் உப்பி உரிந்துவிடும். நீற்றின சுண்ணாம்பில் துளி நீலம் கலந்து இரண்டு கோட் அடித்தாலே அறை வெளிச்சமாகிவிடும், செலவும் குறைவு.

தரைக்கு வருவோம். உப்புக்கறைக்கு ஆசிட் ஊற்றி, கையோடு பாசிக்குப் பிளீச்சிங் பவுடரும் தூவுகிறோமே, அது மட்டும் வேண்டவே வேண்டாம்! இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்ன அறையில் உயிருக்கே ஆபத்து. ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரு தடவை இப்படிச் செய்துவிட்டு, இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தவள் நான். பாசிக்குப் பிளீச்சிங் பவுடர் ஒன்றே போதும். கதவைத் திறந்துவைத்துத் தேயுங்கள். ஆசிட்டைப் பழைய சர்பத் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், குழந்தைக்கு அது சர்பத்தாகத்தான் தெரியும்.