பொன்னாடை யாருக்கு?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்ட நாட்களில், எமது அங்கத்தவர்கள் வாழும் தோட்டமொன்றில் நடந்தது இது. லயத்துக்கு மேலே மண்மேடு சரிந்து பெரிய காணு அடைபட்டுப் போனது. தண்ணீர் வாசல்களுக்குள் இறங்கியது. டவுனுக்குப் பாதை இல்லை, கரண்ட் இல்லை. அந்த நேரத்தில் ஆறு பேர் மண்வெட்டியும் அலவாங்குமாகக் காணுக்குள் இறங்கினார்கள். நான்கு நாள் வெட்டினார்கள். நடக்க முடியாத ஆச்சி ஒருவரைக் கம்பளியில் வைத்துத் தூக்கிப் பாடசாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் அவர்கள்தான். அடித்துப்போன பீலிக் குழாயைத் தேடிப்பிடித்துத் திரும்பப் பொருத்தியவர்களும் அவர்கள்தான்.

ஆறு பேரும் குடியை விட்டவர்கள். ஒருவர் விட்டு மூன்று வருடம், இன்னொருவர் எட்டு மாதம். ஞாயிறு பின்னேரங்களில் பிள்ளைக்காம்பராத் திண்ணையில் கூடி, அந்தக் கிழமை எப்படிப் போனது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். இதைத் தவிர அவர்களுக்கென்று கொடியோ நிர்வாகக் குழுவோ கிடையாது.

தை மாதம் நன்றி கூறும் கூட்டம் நடந்தது. நிவாரணப் பொதி கொண்டுவந்தவர்களுக்குப் பொன்னாடை. அவர்களைக் கூட்டிவந்தவர்களுக்குப் பொன்னாடை. தோட்ட முகாமைத்துவத்துக்கு, சங்கப் பிரதிநிதிகளுக்கு, ஒலிபெருக்கி கொடுத்த முதலாளிக்குக்கூட பொன்னாடை. எல்லாம் முடிந்த பிறகு அறிவிப்பாளர் சொன்னார்: "நம்ம குடிகாரப் பயலுகளும் கொஞ்சம் வேல செஞ்சாங்க, ஒரு கைதட்டு குடுங்க." சனம் சிரித்தது. மேடையில் இருந்த நாங்களும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறோம். அது வெறும் மரியாதைக் குறைவு என்று விட்டுவிட முடியாது. குடிகாரன் என்ற சொல் தோட்டத் தொழிலாளியின் சம்பளத்தோடு சம்பந்தப்பட்ட சொல். ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டு வருடக்கணக்கில் வீதியில் நின்றோமே, 2021இல்தானே அது கிடைத்தது. அதுவரை எத்தனை பேர் எங்கள் முகத்துக்கு நேரே சொன்னார்கள், "கூட்டிக் குடுத்தா தவறணைக்குத்தான் போகும்" என்று! கம்பனிக்காரர் சொன்னதில் வியப்பில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரும் அதையே சொன்னார். ஒரு சமூகத்தின் கூலியை அமுக்கி வைக்க அவர்களுக்குக் கைகொடுத்த சொல்லை நாங்களே எங்கள் மேடையில், எங்கள் ஒலிபெருக்கியில் சொல்லிச் சிரித்தால் அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் எந்த வாயால் மறுப்பது?

தவறணை தோட்டத்து வாசலுக்குத் தானாக நடந்து வரவில்லை. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தது. அன்று தொடக்கம் இன்றுவரை எந்த அரசாங்கம் வந்தாலும் போத்தலில் இருந்து வரி எடுக்கிறது. 2006இன் 27ஆம் இலக்கச் சட்டம் மதுவுக்கு விளம்பரம் கூடாது, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது என்கிறது. கசிப்பு விற்கிறவனுக்கு விளம்பரம் எதற்கு? லயத்துக் கோடிக் காம்பரா போதும். மதுபான அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் 2024 டிசம்பரில் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டபோது, யார் சிபாரிசில் யாருக்குக் கிடைத்தது என்று நாடே பேசியது. தேர்தலுக்கு முதல்நாள் லயத்துக்குப் போத்தல் இறக்கியவர்களுக்கும் நாங்கள் மாலை போட்டிருக்கிறோம். சங்கக் கொடி பிடித்தவர்களே அந்தப் பெட்டிகளைச் சுமந்ததும் உண்டு. குடிக்க வைத்தவனுக்குக் கிடைத்த மாலை குடியை விட்டவனுக்குக் கிடைக்கவில்லை.

இதைக் கிளைக் கூட்டத்தில் எடுத்தபோது மாதர் பிரிவைச் சேர்ந்த ஓர் அக்கா எழுந்து கேட்டார்: "இருவது வருசமா அடியும் வாங்கிக்கிட்டு, கொழுந்தும் எடுத்து, புள்ளைகளையும் படிக்க வச்சோமே, எங்களுக்கு யாரு சால்வ போத்தினா? குடிச்சவரு நிப்பாட்டினா விழா, குடிக்காதவளுக்கு ஒன்னுமில்லயா?"

கூட்டம் அடங்கிப் போனது. அவர் கேட்டதில் ஓர் எழுத்துக்கூடத் தவறில்லை. குடியை விட்டதற்காக யாருக்கும் விழா எடுக்கச் சொல்லவில்லை என்று நாங்கள் விளக்கம் சொல்லப் பார்த்தோம். அவர் விடவில்லை. அந்த நான்கு நாளும் பாடசாலையில் சனத்துக்குச் சோறாக்கியது யார், மேடையில் அவர்கள் பெயரை யார் சொன்னார்கள் என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. உண்மைதான். ஆகவே எங்கள் நிலைப்பாட்டைத் திருத்திக்கொண்டோம். வேலை செய்தவர் பெயர் சொல்லப்பட வேண்டும். சோறாக்கியவர், காணு வெட்டியவர், ஆச்சியைத் தூக்கியவர் எல்லோரும் ஒரே பட்டியல். அதில் குடிகாரன் என்றோ, "திருந்தியவர்" என்றோ ஒரு அடைமொழியும் வேண்டாம். திருந்தியவர் என்று மேடையேற்றுவதும் பழையதைக் காட்டிக் கொடுக்கிற வேலைதான். பிள்ளைகள் நாளைக்குப் பாடசாலைக்குப் போக வேண்டாமா?

"மறுபடி குடிச்சிட்டா சங்கத்துக்கு அவமானமில்லையா?" என்று ஒரு தலைவர் கேட்டார். சிலர் மறுபடி குடிக்கத்தான் செய்வார்கள். இது நோய். பலருக்கு ஒரே தடவையில் விடுபடுவதில்லை. பல காலம் அதிகமாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியரிடம் போகாமல் சாமி கயிறு மட்டும் கட்டி நிறுத்தச் சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மறுபடி விழுந்தவர் வெட்டிய காணுவில் தண்ணீர் இன்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. முகாமையாளர் மாறிப் போனால் அவருக்குப் போட்ட பொன்னாடையைத் திருப்பிக் கேட்டோமா?

பாராட்டைக் காட்டிக் கூலியை மறைக்கவும் விட மாட்டோம். காணு வெட்டுவதும் லயத்துக் கூரை பார்ப்பதும் கம்பனி செய்ய வேண்டிய வேலை. ஆபத்து நேரத்தில் அண்டை அயலார் இறங்குவது வேறு. மழை விட்ட பிறகும் "உங்க ஆளுகதான் நல்லா செய்றாங்களே" என்று சொல்லி மாதாமாதம் சிரமதானத்தில் தள்ளிவிடுவது வேறு. அந்த ஆறு பேரையும் இரண்டாம் தடவை கூப்பிட்டபோது பேர் போடாமல்தான் கூப்பிட்டார்கள். சங்கம் தலையிட்ட பிறகே அரைப்பேர் விழுந்தது. மிச்ச அரைப்பேரைக் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.

தலைவர்மாரே, உங்கள் தோட்டத்திலும் இப்படி நான்கு பேர் இருப்பார்கள். அவர்களை மேடைக்கு இழுக்கும் முன்பு கேளுங்கள். 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய, குடியை விட்டவர்களின் கூட்டங்களில் பெயர் வெளியே போகக் கூடாது என்பது வழக்கம். அதற்குக் காரணம் இருக்கிறது. பொன்னாடையை விட அவர்களுக்குத் தேவையானது வேறாக இருக்கலாம். எங்கள் ஆறு பேரிடம் கேட்டபோது, கிளினிக் நாளில் பேர் வெட்டக் கூடாது என்றார்கள். கூடுவதற்கு ஒரு காம்பராவும் திறப்பும் வேண்டும் என்றார்கள். மரணாதாரச் சங்கத்திலும் திருவிழாக் குழுவிலும் தங்களையும் சேர்க்க வேண்டும் என்றார்கள். திருவிழாக் கணக்கை அவர்களில் ஒருவரிடம் கொடுப்பதா என்று சிலர் முகம் சுளித்தார்கள். வாக்கெடுப்பில் கொடுக்கப்பட்டது.

பட்டியல் மாசி மாதம் கொழுந்து மடுவத்துப் பலகையில் ஒட்டப்பட்டது. மொத்தம் 23 பெயர்கள், சோறாக்கிய பதினேழு பெண்களும் உட்பட. பத்திரிகையில் போட வேண்டாம் என்று இருவர் கேட்டுக்கொண்டதால் இங்கே எவர் பெயரையும் போடவில்லை. மேடையில் சிரித்ததற்கு, அந்த ஞாயிற்றுக்கிழமைத் திண்ணைக்கே போய் மன்னிப்புக் கேட்டோம். ஐந்து பேர் "பரவால்ல, விடுங்க" என்றார்கள். ஆறாமவர் ஒன்றும் சொல்லவில்லை.