காமிரா மாணவன் கையில். கடிவாளம் யார் கையில்?

அமெரிக்க நாட்டு உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றிலே, காலை மணி அடித்ததும் வகுப்பறைத் திரைகளில் ஒரு செய்தி நிகழ்ச்சி ஓடும். பத்து நிமிடம் இருக்கும். செய்தி படிப்பவள் அந்தப் பள்ளி மாணவி. காமிராவைப் பிடித்திருப்பவன் மாணவன். அடுத்த அறையிலே நாலைந்து திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, "இரண்டாவது காமிராவுக்குப் போ, ஒலியைக் குறை" என்று காதுக்கருவி வழியே கட்டளையிடுகிறானே, அந்த இயக்குநரும் மாணவன்தான். வயது பதினாறு! நேற்றைய கால்பந்து ஆட்டம், இன்றைய மதிய உணவு, நாளைய தேர்வு, இவைதாம் பெரும்பாலும் செய்தி. எட்டு மணிக்கு ஒளிபரப்பு என்றால் எட்டு மணிக்கு ஒளிபரப்பு. படத்தை வெட்டி ஒட்டி முடியவில்லை, ஒலிவாங்கியில் பாட்டரி தீர்ந்துவிட்டது என்ற சாக்குகள் எடுபடா. ஆலையிலே சங்கு ஊதுவதுபோல, அங்கே சிவப்பு விளக்கு எரிந்துவிடும்.

நல்ல பயிற்சி. இதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எழுதுகிறவன், படம் பிடிக்கிறவன், தொகுக்கிறவன், படிக்கிறவள் ஆகியோரில் ஒருவர் கோட்டைவிட்டால் பள்ளி முழுவதும் பார்த்துச் சிரிக்கும். கூட்டு உழைப்பு என்றால் என்ன என்பதை அந்தப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் நாம் கேட்பது வேறு. மதிய உணவுப் பட்டியலைப் படிக்கிற வரையில் எவரும் குறுக்கே வருவதில்லை. அந்த உணவு ஏன் வாயில் வைக்க முடியாமல் இருக்கிறது என்று அதே பெண் கேட்டுவிட்டால்? அப்போதல்லவா தெரியும், காமிராவின் கடிவாளம் யார் கையில் இருக்கிறது என்பது!

இந்தக் கதையை 1965-லிருந்து சொல்ல வேண்டும். வியட்நாம் போரில் மாண்டவர்களுக்குத் துக்கம் காட்டக் கறுப்புப் பட்டை அணிந்து பள்ளிக்கு வந்தார்கள், ஐயோவா மாநிலத்து டெ மாய்ன் நகரில் சில மாணவர்கள். வெளியே போ என்றது பள்ளி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1969-ல் தீர்ப்பு: பள்ளி வாசலிலே பேச்சுரிமையைக் கழற்றி வைத்துவிட்டு மாணவன் உள்ளே வர வேண்டியதில்லை. கொண்டாடினார்கள் சனநாயகவாதிகள்.

கொண்டாட்டம் எத்தனை நாள்? 1983-ல் மிசூரி மாநிலத்து ஹேசல்வுட் ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளியில், இதழியல் வகுப்பு மாணவர்கள் நடத்திய 'ஸ்பெக்ட்ரம்' என்ற ஏட்டிலே இரண்டு கட்டுரைகள் எழுதினார்கள். ஒன்று, பள்ளிப் பருவத்திலேயே கருவுற்ற பெண்களைப் பற்றியது. மற்றொன்று, பெற்றோரின் மணவிலக்கால் அவதிப்படும் பிள்ளைகளைப் பற்றியது. தலைமையாசிரியர் இரண்டு பக்கங்களை அப்படியே எடுத்தெறிந்தார். பிள்ளைகள் வழக்காடினார்கள். கீழ்க் கோர்ட்டிலே தோல்வி. மேல் முறையீட்டிலே வெற்றி. 1988 சனவரியில் உச்ச நீதிமன்றத்திலே மறுபடி தோல்வி! ஐந்து நீதிபதிகள் பள்ளியின் பக்கம், மூவர் பிள்ளைகளின் பக்கம்.

தீர்ப்பின் சாரத்தைத் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். சட்டையில் பட்டை குத்துவது மாணவனின் சொந்தப் பேச்சு. அதைத் தடுப்பது கடினம். ஆனால் பள்ளியின் பெயரில், பள்ளியின் பாடமாக நடக்கும் ஏடும் நாடகமும் பள்ளியின் பேச்சு. கல்வி நோக்கம் என்று ஏற்கத்தக்க காரணம் ஒன்று காட்டிவிட்டால் போதும், நிர்வாகம் வெட்டலாம். ஏட்டுக்குப் பொருந்துவது தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் பொருந்தாமல் போகுமா? அங்கே காமிரா பள்ளியுடையது. விளக்கு பள்ளியுடையது. கம்பியும் திரையும் பள்ளியுடையவை. அரையணா காகிதத்தில் கையெழுத்து ஏடு நடத்துகிறவன் காகிதத்தைச் சொந்தமாக வாங்கிக்கொள்வான். ஸ்டூடியோவை எந்த மாணவன் வாங்குவான்? கருவி விலை ஏற ஏற, கருவிக்கு உடையவனின் பிடியும் இறுகுகிறது. வெள்ளையன் காலத்திலே ஏடு நடத்த ஜாமீன் தொகை கேட்டார்களே, அதற்கு இது தூரத்து உறவு.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. உச்ச நீதிமன்றம் விட்டதை மாநிலச் சட்டமன்றம் கொடுக்கலாம். கலிபோர்னியா 1977-லேயே சட்டம் செய்திருந்தது. கான்சாஸ் 1992-ல் செய்தது. 2015-ல் வடக்கு டகோட்டா செய்த சட்டமோ, மாணவர் எழுதி அச்சிடுவதை மட்டுமல்ல, மாணவர் ஒளிபரப்புவதையும் பெயர் சொல்லிக் காத்தது. அந்த மசோதாவை வரைந்தவர்கள் யார் தெரியுமா? அந்த மாநிலத்துக் கல்லூரி மாணவர்கள்! 'புதிய குரல்கள்' என்ற அந்தப் பெயரிலேயே இயக்கம் மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. ஆயினும் ஐம்பது மாநிலங்களில் பாதிகூட இன்னும் அந்தப் பக்கம் வந்து சேரவில்லை.

சட்டம் இருந்தால் என்ன நடக்கும்? கான்சாஸ் மாநிலத்துப் பிட்ஸ்பர்க் நகரைப் பாருங்கள். 2017-ல் அங்கே உயர்நிலைப் பள்ளிக்குப் புதிய தலைமையாசிரியர் நியமனமானார். பள்ளி ஏட்டு மாணவர்கள் அவருடைய பட்டங்களைத் துருவினார்கள். பட்டம் தந்ததாகச் சொன்ன நிறுவனத்தின் யோக்கியதையே கேள்விக்குரியதாக இருந்தது. அச்சிட்டார்கள். சில நாட்களில் அவர் பதவி விலகினார். பெரியவர்களின் கல்விக் குழு கேட்காமல் விட்ட கேள்வியைப் பிள்ளைகள் கேட்டார்கள்! வெட்டும் அதிகாரம் நிர்வாகத்திடம் இருந்திருந்தால் அந்தப் பக்கம் அச்சேறியிருக்குமா என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

தொலைக்காட்சியிலும் சான்று உண்டு. கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் உயர்நிலைப் பள்ளியிலே தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தும் மாணவர்கள், தடுப்பூசியைப் பற்றி 'இன்விசிபிள் திரெட்' என்ற ஆவணப் படம் எடுத்தார்கள். 2014-ல் அது வெளிவந்தது. படத்தைப் பார்க்காமலே தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் பிள்ளைகள் மேல் பாய்ந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள், அதே மாநிலத்தின் டிஸ்னிலாந்து பூங்காவிலிருந்து தட்டம்மை கிளம்பிப் பரவியது. மறு ஆண்டே, சொந்த நம்பிக்கையைக் காரணம் காட்டிப் பிள்ளைக்குத் தடுப்பூசி போடாமல் பள்ளியில் சேர்க்கும் சலுகையை மாநிலம் நீக்கியது. படத்தால் சட்டம் வந்தது என்று நாம் சொல்லவில்லை. ஊர் பேசத் தயங்கிய பொருளை மாணவர் காமிரா முன்னதாகவே பேசிற்று என்கிறோம்.

சட்டம் ஒரு கடிவாளம். பணம் மற்றொரு கடிவாளம். இதன் கொடுமை 1990-ல் வெளிப்பட்டது. கிறிஸ்டபர் விட்டில் என்ற முதலாளி பள்ளிகளுக்குத் தொலைக்காட்சிப் பெட்டிகளும் செயற்கைக்கோள் ஏற்பியும் 'இலவசமாக' அனுப்பினார். 'சானல் ஒன்' என்று பெயர். விலை? நாள்தோறும் பன்னிரண்டு நிமிட நிகழ்ச்சியை வகுப்பிலே காட்ட வேண்டும். அதில் இரண்டு நிமிடம் விளம்பரம்! குளிர்பானமும் மிட்டாயும் விற்க இதைவிட நல்ல சந்தை உண்டா? வீட்டிலே விளம்பரம் வந்தால் எழுந்து போகலாம். வகுப்பிலே எழுந்தால் ஆசிரியர் உட்கார் என்பார். நியூயார்க் மாநிலம் பொதுப் பள்ளிகளுக்குள் வராதே என்று தடுத்தது. ஏழைப் பள்ளிகள் பல கைநீட்டி வாங்கிக்கொண்டன, வேறு எவரும் அவற்றுக்குப் பெட்டி கொடுக்கவில்லையே! 2018-ல் அந்தக் கடை மூடியது.

கண்ணியமான பணமும் ஒன்று உண்டு. ஊர்த் தெருவிலே கேபிள் கம்பி புதைத்து வாணிபம் செய்யும் நிறுவனம், வருவாயில் ஐந்து விழுக்காடு வரையில் நகராட்சிக்குக் கட்டணம் தரவேண்டும் என்று நகரம் கேட்கலாம். பொதுமக்களுக்கும் பள்ளிகளுக்கும் சில அலைவரிசைகளை ஒதுக்கு என்றும் கேட்கலாம். இதற்கு 1984-ல் சட்டம் வந்தது. தெரு மக்களுடையது, வாடகை மக்களுக்கு. பல ஊர்களில் மாணவர் நிகழ்ச்சி பள்ளிச் சுவரைத் தாண்டி வீடுகளுக்கு வந்தது இந்த வழியில்தான். நகர மன்றக் கூட்டத்தையும் பள்ளி வாரியக் கூட்டத்தையும் படம் பிடித்துக் காட்டியதும் இதே அலைவரிசைகள்.

இப்போது அந்த ஊற்று வற்றுகிறது. மக்கள் கேபிளைத் துண்டித்துவிட்டு இணையம் வழியே படம் பார்க்கிறார்கள். அதே தெரு, அதே கம்பி. ஆனால் இணையத்துக்கு அந்த ஐந்து விழுக்காடு கிடையாது! 2019-ல் கூட்டரசின் தகவல்தொடர்பு ஆணையம், கேபிள் நிறுவனங்கள் பொருளாகவும் சேவையாகவும் ஊருக்குச் செய்து தருவனவற்றில் பலவற்றை அந்த ஐந்து விழுக்காட்டிலேயே கழித்துக்கொள்ளலாம் என்று வேறு வழிவிட்டது. 2025 சூலையில், பொது ஒளிபரப்புக் கழகத்துக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரை அமெரிக்கப் பேராயம் திரும்பப் பிடுங்கியது. அடுத்த மாதமே கழகம் கடையைக் கட்டும் வேலையைத் தொடங்கியது. 'நியூஸ்அவர்' நிகழ்ச்சியின் மாணவர் செய்திப் பட்டறைகளுக்குத் துணைநின்ற பணத்தில் அதன் பணமும் உண்டு.

நெட்ஃபிளிக்சும் ஹூலுவும் ஊருக்குக் கட்டணம் தரவேண்டும் என்று ஒஹாயோ மாநிலத்து நகரம் ஒன்று வழக்காடியது. தரவேண்டியதில்லை என்று 2022-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. இனிச் சட்டமன்றங்களின் கதவைத்தான் நகரங்கள் தட்ட வேண்டும். நிறுவனங்களின் வழக்கறிஞர்களோ, அங்கே முன்பே போய் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள்.