உப்புக் கரிக்கும் கிணறும் ஒரு மோல் கணக்கும்

வேதியியலில் மாணவர்களை அதிகம் பயமுறுத்துவது எது என்று கேட்டால் பாதிப் பேர் மோல் கணக்கு என்றுதான் சொல்வார்கள். சூத்திரத்தை மனப்பாடம் செய்து, எண்ணைப் போட்டு, விடை எழுதுவதோடு சரி. அது எதற்கு உதவும் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் திருவிடந்தை போன்ற கடற்கரை ஊரில் இதைவிடப் பயனுள்ள கணக்கு வேறு இல்லை.

முதலில் உப்பைப் பார்ப்போம். சோடியம் ஒரு எலக்ட்ரானைக் கொடுக்கிறது, குளோரின் அதை வாங்கிக்கொள்கிறது. இரண்டும் அயனிகளாகி ஒன்றையொன்று ஈர்க்கின்றன. உப்புப் படிகத்தில் ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு அயனிகள் இருக்கும். தனி மூலக்கூறு என்று ஒன்று கிடையாது. அதனால்தான் 23 + 35.5 = 58.5 என்பதை வாய்ப்பாட்டு நிறை என்கிறோம். 58.5 கிராம் உப்பு ஒரு மோல். அதில் 6.022 × 10²³ சோடியம் அயனிகளும் அதே எண்ணிக்கையில் குளோரைடு அயனிகளும் உள்ளன.

இனி ஊர்க் கணக்கு. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள். அதில் குளோரைடு மட்டும் சுமார் 19 கிராம், அதாவது 0.54 மோல். குடிநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடு வரை ஏற்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1000 வரை அனுமதி உண்டு. 250 மில்லிகிராம் என்பது 0.007 மோல்தான். கடல் நீரில் இருப்பது இதைப்போல் 76 மடங்கு! 98 லிட்டர் நல்ல தண்ணீரில் 2 லிட்டர் கடல் நீர் கலந்தாலே குளோரைடு 380 மில்லிகிராம் ஆகிவிடும்.

கடல் நீர் எப்படிக் கிணற்றுக்குள் வருகிறது? கடற்கரை மணலில் நல்ல நீர் இலேசானது என்பதால் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. நல்ல நீரின் மட்டம் ஒரு அடி இறங்கினால் கீழே உப்பு நீர் ஏறக்குறைய 40 அடி மேலேறும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஆழ்துளைக் கிணறு போட்டு இரவும் பகலும் மோட்டார் ஓட்டுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பக்கத்து நெம்மேலியில்தான் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். நாளுக்கு 10 கோடி லிட்டர் தரும் அந்த நிலையம் 2013-ல் சென்னையின் தாகத்துக்காகத் தொடங்கப்பட்டது. அங்கே மின்சாரம் செலவழித்துப் பிரிக்கும் உப்பை, இங்கே நாமே கிணற்றுக்குள் இழுத்துவிடுவது என்ன நியாயம்?

பள்ளிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆய்வகத்தில் தரம் பார்த்தலுக்கு எப்போதும் தயார்க் கரைசலையே கொடுக்காமல், மாணவர்களை ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லலாம். 20 மி.லி. தண்ணீரில் சிறிது பொட்டாசியம் குரோமேட் விட்டு, பியூரெட்டிலிருந்து 0.02 மோலார் சில்வர் நைட்ரேட்டைச் சேர்க்க வேண்டும். ஒரு சில்வர் அயனிக்கு ஒரு குளோரைடு அயனி. குளோரைடு முழுவதும் வெண்ணிற வீழ்படிவான பிறகு செங்கல் நிறம் தோன்றும். 7 மி.லி.க்கு மேல் செலவானால் தண்ணீர் 250-ஐத் தாண்டிவிட்டது என்று பொருள்.

மாதம் ஒருமுறை இதைச் செய்து பள்ளிப் பலகையில் எழுதி வைத்தால், எந்தத் தெருவில் கடல் நுழைகிறது என்று ஊருக்கே தெரியும். நாக்கு சொல்லும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.