குளிர்க்காற்று நின்றது ஏன்?

குடும்பத்தினர்க்கும் மாணாக்கர்க்கும் ஒருங்கே பயன்படக்கூடிய ஒரு பொருளை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம். மோட்டார் வண்டியிற் குளிர்க்காற்று திடீரென நின்றுவிடுமாயின், அதன் காரணத்தை எங்ஙனம் ஆராய்ந்தறிவது என்பதே அது.

ஒரு சித்திரை மாதத்தில், 81 வயது நிரம்பிய எமது அன்னையாரைக் கண் வைத்தியத்திற்காக யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு அழைத்துச் சென்றோம். மாங்குளம் வரை வண்டியினுள் இதமான குளிர்ச்சி இருந்தது. அங்கே தேநீர் அருந்துவதற்காகச் சிறிது நேரம் நிறுத்தி, மீண்டும் புறப்பட்டபோது வெப்பக் காற்றே வீசலாயிற்று. வவுனியாவில் ஒரு கராச்சிற் காட்டினோம். அங்கிருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "கொம்பிறசர் முடிந்துவிட்டது ஐயா; மாற்றத்தான் வேண்டும்" என்றார். அவர் கேட்ட தொகை எமது ஒரு மாத வருவாயினும் மிகுந்தது. யன்னல்களைத் திறந்துவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தோம். ஈரத்துணியை நெற்றியிலிட்டு, அன்னையார் வாய் பேசாது சாய்ந்திருந்த காட்சி எம் நெஞ்சை வருத்தியது.

மறுநாட் காலை கொழும்பில் வண்டியை இயக்கினோம். குளிர்க்காற்று முன்போலவே வந்தது! இறந்துபோன பொருள் விடியற்காலையில் உயிர்பெற்றெழுமோ? இந்த ஐயமே எம்மை உண்மையின்பால் இட்டுச்சென்றது.

கொம்பிறசர் என்பது குளிர்வாயுவை அமுக்கிச் செலுத்தும் கருவி. அதன் முன்னுள்ள கப்பியை எஞ்சினின் பெல்ற் எந்நேரமும் சுழற்றிக்கொண்டிருக்கும். ஆயினும், கப்பி சுழல்வதனால் மாத்திரம் கொம்பிறசர் இயங்காது. கப்பியின் பின்னே ஒரு மின்காந்தச் சுருளும், முன்னே ஓர் உருக்குத் தகடும் உள்ளன. ஆளியைப் போட்டதும் சுருளில் மின்சாரம் பாய்ந்து, தகட்டைக் கப்பியோடு ஒட்டச் செய்யும். அப்போது 'டிக்' என்றோர் ஒலி கேட்கும். இவ்வமைப்பே கிளச் எனப்படும். 1940ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளிற் குளிரூட்டியைப் பொருத்தித் தந்த அமெரிக்காவின் பக்கார்ட் நிறுவனம் இக்கிளச்சை அமைக்கவில்லை. குளிர் வேண்டாவிடின் எஞ்சினை நிறுத்தி, பெல்ற்றைக் கையாற் கழற்ற வேண்டியிருந்ததாம்!

கொழும்பில் உறவினர் ஒருவர் காட்டிய முதிய தொழிலாளர் எஞ்சினை நன்றாகச் சூடேற விட்டார். குளிர்க்காற்று நின்றதும், கிளச்சுக்கு வரும் கம்பியில் மின்னழுத்தத்தை அளந்தார். 12 வோல்ற்றுக்குக் குறையாமல் இருந்தது. இந்த ஓர் அளவை பாதி ஐயங்களை நீக்கிவிட்டது. மின்சாரம் கிளச் வரை வருகின்றதெனின், உருகியோ, றிலேயோ, அமுக்க ஆளியோ குற்றவாளியன்று. பின்னர் எஞ்சினை நிறுத்தி, முன்தகட்டைக் கையாற் சுழற்றினார். இலகுவாகச் சுழன்றது, ஆகவே கொம்பிறசர் இறுகவில்லை. இறுதியாகத் தகட்டுக்கும் கப்பிக்குமிடையே உள்ள இடைவெளியை அளந்தார். ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் இருந்தது.

"தம்பி, இது சாகவில்லை, கை எட்டாமல் நிற்கிறது" என்றார் அம்முதியவர்.

மாணாக்கர் இதன் காரணத்தை எளிதில் உணரலாம். செம்புக் கம்பி சூடேறும்போது அதன் தடை அதிகரிக்கும். 30 பாகை செல்சியசில் 3.6 ஓம் தடையுள்ள சுருள், 100 பாகையில் ஏறக்குறைய 4.6 ஓம் தடையுடையதாகும். 12 வோல்ற்றில் மின்னோட்டம் 3.3 அம்பியரிலிருந்து 2.6 அம்பியராகக் குறையும். காந்தத்தின் இழுவிசை ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்காகிவிடும். தேய்வினால் இடைவெளியும் அகன்றிருந்தமையின், காலையில் எட்டிய கை மாங்குளத்தில் எட்டாதொழிந்தது. முதியவர் தகட்டைக் கழற்றி, உள்ளிருந்த மெல்லிய வாசர்களில் ஒன்றை நீக்கி மீண்டும் பூட்டினார். ஒரு மணி நேரத்துள் வேலை முடிந்தது.

மின்சாரமே வரவில்லையெனின் செய்யத்தக்கது யாது? முதலில் உருகியைப் பாருங்கள். அடுத்து, அதேவகை றிலே ஒன்றை மாற்றிப் போட்டுப் பாருங்கள். இவை நலமாயின் குளிர்வாயுவின் அமுக்கத்தை அளப்பியுங்கள். எஞ்சின் ஓடாதபோது, 30 பாகை வெப்பநிலையில், ஆர்-134ஏ என்னும் வாயு சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 97 இறாத்தல் காட்டவேண்டும். மிகக் குறைந்திருப்பின் எங்கோ கசிவு உண்டு. அப்போது அமுக்க ஆளி வேண்டுமென்றே மின்சாரத்தைத் தடுத்துவிடும். ஏனெனில், கொம்பிறசருக்கு வேண்டிய எண்ணெயைச் சுமந்து வருவது அவ்வாயுவே. ஆளியின் இரு கம்பிகளையும் இணைத்துக் கொம்பிறசரை வலிந்து ஓட்டுவது, நலமாயிருப்பதைக் கொல்வதாகும்.

வாயுவை வெளியே திறந்துவிடலும் ஆகாது. அது தோலை உறையச் செய்யும். நூறாண்டுக் கணக்கில், நிறைக்கு நிறை, கரியமில வாயுவினும் ஆயிரம் மடங்குக்கு மேலாக உலகை வெப்பமாக்கவும் வல்லது. கசிவைக் கண்டு அடைத்த பின்னரே புதுவாயு நிரப்புதல் முறை. கைபிறிட் வண்டி வைத்திருப்போர்க்கு ஓர் எச்சரிக்கை: அவற்றுட் பலவற்றில் கொம்பிறசர் உயர் மின்னழுத்தத்தில் இயங்குவது. செம்மஞ்சள் நிறக் கம்பிகளை ஒருபோதும் தொடாதீர்கள்.

அடுத்த வாரம் ஊர் திரும்பினோம். மாங்குளத்தில் மீண்டும் தேநீருக்காக நிறுத்தினோம். வண்டியை இயக்கியதும் 'டிக்' என்ற ஒலி எழுந்தது. தெளிவு பெற்ற கண்களால் வன்னிக் காடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த அன்னையார், "குளிருது, கொஞ்சம் குறையப்பா" என்றார். மாற்றவேண்டும் என்று எவரேனும் கூறுமிடத்து, "எதனை அளந்து கண்டீர்கள்?" என்று பணிவுடன் கேட்க நாம் கற்றுக்கொண்டது அப்பயணத்திலேதான்.