தொழிலாளர் நஷ்டஈடும் சிறு முதலாளிகளும்

தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர் தொடங்கித் தூத்துக்குடித் துறைமுகம் வரையில் சிறு தொழில்களை நம்பி ஜீவிக்கும் குடும்பங்கள் மிகப் பல. லேத் பட்டறை, மரவாடி, ஐஸ் கம்பெனி, தோணி கட்டுமிடம், சில ஏக்கர் உப்பளம், கட்டட மேஸ்திரியின் சிறு கூட்டம் ஆகிய இவை ஒவ்வொன்றிலும் நாலு பேரோ எட்டுப் பேரோ வேலை செய்கிறார்கள். முதலாளியும் அவர்களோடு சேர்ந்து கையழுக்காக உழைப்பவர்தான். இத்தகையவர்களில் விஷயம் தெரிந்த சிலர் தொழிலாளர் நஷ்டஈட்டு இன்ஷூரன்ஸுக்காக இரண்டு மூன்று கம்பெனிகளிடம் கொட்டேஷன் வாங்குகிறார்கள். வாங்கியபின் அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: எது மலிவு? அந்தக் கேள்வி போதாது என்று சொல்லவே இன்று எழுதுகிறோம். கொட்டேஷனே வாங்காத பெரும்பான்மையோரைப் பற்றியும் ஸர்க்காரைப் பற்றியும் சொல்ல வேண்டியது வேறு இருக்கிறது.

1908 பிப்ரவரி 27-ந் தேதி தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் நின்றவர்கள் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் என்பதை நேயர்கள் அறிவார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்ட அந்தத் தொழிலாளியின் கை இயந்திரத்தில் போயிருந்தால், அவனுக்கு நஷ்டஈடு வாங்கித் தர இந்தியாவில் அன்று தனிச் சட்டம் கிடையாது. அதற்குப் பதினைந்து வருஷம் கழித்து, 1923-ல்தான் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் பிறந்தது; 1924 ஜூலை முதல் தேதி அமுலுக்கு வந்தது. பனையேறுவோரையும் அது தன் அட்டவணையில் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது நம் ஜில்லாவுக்கு முக்கியமான விஷயம். 2009-ல் திருத்தப்பட்ட அச்சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அடங்கிவிட்டது. 2020-ல் நிறைவேறிய அத்தொகுப்பை 2025 நவம்பர் 21-ந் தேதி அமுலுக்குக் கொண்டுவந்தார்கள்.

சட்டத்தின் பெயர் மாறினாலும் அதன் உயிர்நாடி மாறவில்லை. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் விபத்து நேர்ந்து தொழிலாளி செத்தாலோ அங்கஹீனமடைந்தாலோ, குற்றம் யாருடையது என்ற விசாரணைக்கு அவசியமில்லாமலே முதலாளி நஷ்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். எவ்வளவு என்பதையும் சட்டமே கணக்கிட்டு வைத்திருக்கிறது. 2020 ஜனவரி முதல் மாதம் 15,000 ரூபாய் வரையில் சம்பளத்தைக் கணக்கில் எடுத்துவந்தார்கள். முப்பது வயதுத் தொழிலாளிக்குரிய பெருக்கு எண் 207.98. மரணமென்றால் சம்பளத்தில் பாதியை அந்த எண்ணால் பெருக்க வேண்டும். 15,59,850 ரூபாய் வருகிறது. ஒரு கட்டைவிரல் போனால் உழைக்கும் சக்தியில் நூற்றுக்கு முப்பது போனதாகச் சட்டம் மதிக்கிறது. அதே வயதும் அதே சம்பளமும் உள்ளவனுக்கு அந்த ஒரு விரலுக்கு 5,61,546 ரூபாய். ஏகலைவனின் விரலுக்கு விலை சொல்வாரில்லை. தூத்துக்குடி மரவாடிக்காரனின் விரலுக்கு விலை இருக்கிறது. அதை மரவாடி முதலாளியின் கையிருப்பிலிருந்து எண்ணி வைக்க முடியுமா என்பதே கேள்வி.

வழக்கத்தில் நடப்பது என்ன? விபத்து நேர்ந்ததும் ஊர்ப் பெரியவர்கள் கூடுகிறார்கள். முதலாளி கண்ணீர் விடுகிறார். அந்தக் கண்ணீரும் பொய்யல்ல. ஒரு லக்ஷமோ இரண்டு லக்ஷமோ பேசி முடித்து, விதவையின் கைநாட்டு வாங்கி, விவகாரம் தீர்ந்ததாக எல்லோரும் கலைந்து போகிறார்கள். இது தீர்வன்று. மரண விஷயத்தில் நஷ்டஈட்டைச் சட்டப்படி நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் கட்டினால்தான் அது கொடுத்ததாக எண்ணப்படும்; குடும்பத்தாரிடம் நேரில் கொடுத்தது, முன்பணமாகச் சட்டம் அனுமதிக்கும் மூன்று மாதச் சம்பளம் நீங்கலாக, கணக்கில் ஏறாது. உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கிய காகிதமும் செல்லாது. ஆகவே அந்த விதவை பின்னர் அதிகாரியிடம் மனுச் செய்தால் முதலாளி முழுத் தொகையையும் மீண்டும் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் கட்டாததற்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி உண்டு. தக்க காரணமின்றித் தாமதித்தால் தொகையில் பாதி வரையில் அபராதமும் உண்டு. நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கும் அதிகாரம் இருப்பதால் லேத் இயந்திரம் ஏலத்துக்கு வரும். ஏலத்திலும் போதிய பணம் கிடைக்காவிட்டால் அந்தக் குடும்பத்தின் கையில் மிஞ்சுவது உத்தரவுக் காகிதம் ஒன்றே. முதலாளி, தொழிலாளி என்ற இரண்டு குடும்பங்களும் ஒரே நாளில் தெருவுக்கு வருகின்றன.

இதைத் தடுக்கும் உபாயம் இன்ஷூரன்ஸ். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஸ்தாபனங்களில் ஈ. எஸ். ஐ. திட்டம் இந்தப் பாரத்தைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது. பத்துக்குக் குறைந்தவர்களை அது பொதுவாகத் தொடுவதில்லை. அவர்கள்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வாசலுக்குப் போக வேண்டியவர்கள். அங்கே என்ன கேட்க வேண்டும்?

பிரீமியம் என்பது வருஷம் முழுவதும் கொடுக்கும் கூலித் தொகையையும் வேலையின் அபாயத்தையும் வைத்து நிர்ணயிக்கப்படுவது. குமாஸ்தாவுக்கு ஒரு விகிதம், சாரத்தில் ஏறுபவனுக்கு வேறு விகிதம். ஆகையால் மலிவான கொட்டேஷனைக் கண்டதும் மகிழாமல், அது எந்தக் கூலியின் பேரில், எத்தனை ஆளின் பேரில், எந்த வேலையின் பேரில் போடப்பட்டதென்று முதலில் பார்க்க வேண்டும். எட்டுப் பேரை ஐந்தாக எழுதி, 15,000-த்தை 8,000 என்று காட்டி, வெல்டிங் செய்பவனை 'கடைச் சிப்பந்தி' என்று குறித்து வாங்கும் மலிவு, விபத்து நாளன்று பல்லிளிக்கும். கம்பெனி சம்பளப் புஸ்தகத்தைக் கேட்கும், வழக்காடும். தொழிலாளிக்குச் சேர வேண்டியதோ உண்மைக் கூலியின்படியே சேர வேண்டும். அந்த வித்தியாசம் முதலாளியின் தலையில் விழும்.

அடுத்தது வட்டியும் அபராதமும். நஷ்டஈட்டுக்கும் அதன் வட்டிக்கும் கம்பெனி பொறுப்பு, அபராதத்துக்கு முதலாளியே பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட் 1997-ல் தீர்ப்பளித்தது. வட்டியையும் பாலிஸியின் ஷரத்தினால் கம்பெனி விலக்கிக்கொள்ளலாம் என்று 2006-ல் அதே கோர்ட் கூறிற்று. எனவே வட்டி சேர்த்தியா என்று எழுத்தில் கேளுங்கள். வைத்தியச் செலவைக் கேளுங்கள். சட்டம் முதலாளியை உண்மைச் செலவு முழுவதையும் கொடுக்கச் சொல்லுகிறது, பாலிஸியோ ஒரு வரம்பு கட்டும், அல்லது தனிப் பிரீமியம் கேட்கும். மேஸ்திரி கொண்டுவரும் ஆட்களுக்கும் வேலை கொடுத்தவர் பதில் சொல்ல வேண்டியிருப்பதால் அவர்களும் அடக்கமா என்று கேளுங்கள். வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும், நேரம், இடம் முதலியவை பொருந்தினால், இப்போது வேலை விபத்தாகும். விடியற்காலையில் சைக்கிளில் உப்பளத்துக்குப் போகிறவர்கள் நிறைந்த ஜில்லாவில் இது சிறிய விஷயமன்று. இவ்வளவும் கேட்டபின் எது மலிவு என்று பாருங்கள்.

சங்கு குளிப்போர் விஷயம் தனி. அவர்களுக்கு முதலாளி யார் என்பதே பல சமயம் தர்க்கமாகிறது. அதை வேறொரு நாள் எழுதுவோம்.

ஸர்க்காருக்கு வருவோம். லாரி இன்ஷூரன்ஸ் இல்லாமல் ரஸ்தாவில் ஓடக் கூடாது. அதைப் பழுதுபார்க்கும் பட்டறை இன்ஷூரன்ஸ் இல்லாமல் நடக்கலாம். இது என்ன நியாயம்? பணிக்கொடையைப் பத்திரப்படுத்த முதலாளிகள் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டுமென்று புதிய தொகுப்புச் சட்டத்திலேயே விதி எழுதியிருக்கிறார்கள். உழைத்து ஓய்ந்தவனுக்குத் தரும் பணத்துக்குக் காப்பு வேண்டும், உழைக்கும்போதே உயிர் போனவனின் குடும்பத்துக்கு வேண்டாமா? ஜெர்மனி 1884-லேயே விபத்து இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கிற்று. பிரிட்டன், 1969-ல் சட்டம் செய்தது. நம் ஜனங்கள் கப்பல் பட்டறைக்கும் கட்டட வேலைக்கும் போகும் சிங்கப்பூரில் உடலுழைப்பாளி ஒவ்வொருவருக்கும் முதலாளி இன்ஷூரன்ஸ் எடுத்தே தீர வேண்டும். அதே மனிதன் ஊர் திரும்பி ஸ்ரீவைகுண்டத்தில் சாரம் ஏறினால் அவன் உயிருக்கு உத்தரவாதம் முதலாளியின் நல்ல மனதுதான்.

கட்டாயமென்றால் சிறு முதலாளி நசுங்கிப்போவான் என்ற ஆட்சேபத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. அவன் பாரத்தைக் குறைக்க வழியுண்டு. இந்தப் பிரீமியத்தின் மேல் ஸர்க்கார் நூற்றுக்குப் பதினெட்டு ஜி. எஸ். டி. வாங்குகிறது. 2025 செப்டம்பரில் தனிநபர் ஆயுள், ஆரோக்கிய பாலிஸிகளுக்கு அவ்வரியை நீக்கியவர்கள், பத்துப் பேருக்குக் குறைந்த தொழில்களின் நஷ்டஈட்டு பாலிஸிக்கும் நீக்கலாம். மோட்டார் வண்டிகளுக்கு மூன்றாம் நபர் பிரீமியத்தை ஸர்க்காரே நிர்ணயித்து வெளியிடுவதுபோல, சிறு தொழில்களுக்கும் வேலைவாரியாக ஒரு விகித அட்டவணையைத் தமிழில் அச்சிட்டு வெளியிட்டால், ஏஜெண்டின் வாய்வார்த்தையை நம்பி ஏமாறும் நிலை ஒழியும்.

அதுவரையில் உப்பள உரிமையாளர்களும் பட்டறைக்காரர்களும் தனித்தனியே போய்க் கையேந்தாமல், தங்கள் சங்கங்களின் மூலம் ஐம்பது அறுபது பேராகச் சேர்ந்து கம்பெனிகளிடம் கொட்டேஷன் கேட்கலாம். சங்கத்தின் அடுத்த கூட்டத்திலேயே ஒருவர் இதைப் பிரேரணையாகக் கொண்டுவர வேண்டும்; தொழிலாளர் சங்கத்தாரும் அன்று போய் உட்கார்ந்து, சம்பளப் புஸ்தகத்தில் எல்லாப் பெயரும் உண்மைக் கூலியோடு ஏறியிருக்கிறதா என்று கேட்க வேண்டும்.