கழுத்தைத் தேய்க்காதீர்கள், சர்க்கரையைப் பாருங்கள்

முதலில் அந்த எலுமிச்சம்பழ மூடியைக் கீழே வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை தலைக்கு ஊற்றும்போது மகளைக் குனியவைத்து, கடலை மாவும் தயிரும் குழைத்துப் பின்கழுத்தைப் பரபரவென்று தேய்க்கிறீர்களே, அது அழுக்கு இல்லை. வெயிலில் கறுத்ததும் இல்லை, கவரிங் செயின் பட்டுக் கறுத்ததும் இல்லை. வெளிச்சத்தில் நிறுத்தி ஒருமுறை கிட்டத்தில் பாருங்கள். தோல் லேசாகத் தடித்திருக்கும்; விரலால் தடவினால் வெல்வெட் துணிபோல் படும்; மடிப்புகளில் கோடு கோடாகக் கறுப்பு அழுத்தமாக இருக்கும். அக்குளிலும் அப்படியே. சில பிள்ளைகளுக்கு அங்கேயே கடுகளவில் மருக்களும் தொங்கும். ரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுற்றிக்கொண்டிருந்தால் அது தோலின் செல்களையும் தூண்டிப் பெருக்கிவிடுகிறது. பெரும்பாலும் இந்தக் கறுப்புக்கு அதுதான் காரணம். தேய்த்தால் தோல்தான் புண்ணாகும், இன்சுலின் இறங்காது.

மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்துகிறவள் நான். வீட்டில் எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள். பெற்றோர் கூட்டத்துக்கு வருகிற அம்மாக்கள் மார்க்கைப் பற்றிப் பேசி முடித்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வது ஏறக்குறைய ஒரே புகார்தான். "மூஞ்சி பூரா பரு டீச்சர், மோவாய்ல முடி வேற, எடை போட்டுக்கிட்டே போறா, சொன்னா கேக்க மாட்டேங்குறா." தீட்டு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "அது ரெண்டு மாசம், மூணு மாசம் ஆகும். கல்யாணம் ஆனா சரியாயிடும்."

ஆகாது. சடங்குக்கு ஃபிளெக்ஸ் அடித்து, மண்டபம் பிடித்து, ஊருக்கே பந்தி போட்டோமே, அதற்குப் பிறகு எந்த மாதம் வந்தது, எந்த மாதம் வரவில்லை என்று வீட்டுக் காலண்டரில் ஒரு புள்ளியாவது வைத்திருக்கிறோமா? பெரியவளான முதல் வருடம் முன்பின்னாக வருவது இயல்புதான். அதன்பின் மூன்றாம் வருடம் வரை, 21 நாளுக்குள் வந்தாலோ 45 நாளைத் தாண்டினாலோ கவனிக்க வேண்டும். மூன்று வருடம் கழிந்த பிறகு 35 நாளே எல்லை. முதல் வருடத்துக்குப் பின் ஒரே ஒரு தடவை 90 நாள் வராமல் போனாலும் டாக்டரிடம் போக அது போதுமான காரணம். பால்காரர் கணக்கும் கேஸ் புக் பண்ணிய தேதியும் காலண்டரில் இருக்கின்றன. இதற்கும் அதிலேயே இடம் இருக்கிறது.

இந்த அறிகுறிகளெல்லாம் சேர்ந்து வரும் கோளாறைப் பிசிஓடி, பிசிஓஎஸ், நீர்க்கட்டி என்று நாம் எப்படிச் சொன்னாலும் மனதில் ஓடுவது குழந்தை பிறக்குமா, மாப்பிள்ளை வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும் என்பதுதான். நோயோ வேறு வழியில் போய்க்கொண்டிருக்கிறது. சாப்பிட்ட இட்லியும் சோறும் குளுக்கோஸாகி ரத்தத்துக்கு வந்ததும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அந்தச் சர்க்கரையைத் தசைக்குள் அனுப்புவது இன்சுலினின் வேலை. இந்தப் பெண்களில் பலருக்குத் தசை அந்த ஆணைக்குச் சரியாகப் பணிவதில்லை. கணையம் விடுமா? இரண்டு பங்கு, மூன்று பங்கு என்று சுரந்து எப்படியோ வேலையை முடித்துவிடுகிறது. காலையில் வெறும் வயிற்றில் எடுத்த ரிப்போர்ட்டில் சர்க்கரை 90 என்று வருவதும், நாம் நிம்மதியாக வீட்டுக்கு வருவதும் இதனால்தான். அந்த 90-ஐக் கொண்டுவர உள்ளே எவ்வளவு இன்சுலின் செலவானது என்பது அந்தக் காகிதத்தில் இருக்காது.

சங்கடம் என்னவென்றால், தசை கேட்காத அதே இன்சுலினைச் சினைப்பை நன்றாகவே கேட்கிறது. மூளையடியில் சுரக்கும் எல்ஹெச் ஹார்மோனோடு சேர்ந்துகொண்டு ஆண்ட்ரோஜனைக் கூடுதலாகச் சுரக்கச் சொல்கிறது. இன்னொரு பக்கம், ஆண்ட்ரோஜனைக் கட்டிப்போட்டு வைக்கும் புரதம் ஒன்று கல்லீரலில் உற்பத்தியாகிறது. இன்சுலின் அதையும் குறைத்துவிடுகிறது. கட்டவிழ்ந்த ஆண்ட்ரோஜன் முகத்தில் பருவாகவும் மோவாயில் முடியாகவும் வெளியே வருகிறது. முட்டை முதிர்ந்து வெளிவராமல் பாதியில் நிற்கிறது. ஸ்கேனில் வரிசையாகத் தெரிகிற 'கட்டிகள்' அப்படி நின்றுபோன முட்டைப்பைகள்தான். அவற்றை வெட்டி எடுக்க வேண்டுமோ என்று பயப்படத் தேவையில்லை. ஆண்ட்ரோஜன் கூடக்கூட வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்கிறது, அந்தக் கொழுப்பு இன்சுலினை மேலும் மந்தமாக்குகிறது. எடை ஏறுவதற்குச் சோம்பேறித்தனம் மட்டுமே காரணம் என்று மகளைத் திட்டுகிறவர்கள் இந்தச் சுற்றைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கட்டும்.

இது நேற்றுக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. மீசை தாடி அரும்பிய பெண்களுக்குச் சர்க்கரை நோயும் சேர்ந்து வருவதை 1921-லேயே அஷார், தியேர் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதினார்கள். சிகாகோவில் ஸ்டெய்னும் லெவன்தாலும் 1935-இல் ஏழு பெண்களைப் பற்றி எழுதியபோது சினைப்பை முன்னுக்கு வந்தது, சர்க்கரை பின்னுக்குப் போனது. 1989-இல் ஆண்ட்ரியா டுனைஃப் குழுவினர் அளந்து காட்டியதுதான் நமக்கு முக்கியம்: பருமனாக இல்லாத பிசிஓஎஸ் பெண்களிடமும் இந்த இன்சுலின் மந்தம் இருக்கிறது.

ஆகவே "எம் பொண்ணு ஒல்லிதானே" என்ற ஆறுதலும் வேண்டாம். நம் நாட்டு உடம்பு, கை கால் மெலிந்திருக்கும்போதே வயிற்றில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். வெள்ளைக்காரர்களுக்கு பிஎம்ஐ 25 வரை சரி என்றால் நமக்கு 23-லேயே மணி அடிக்கிறார்கள். வளர்ந்த பெண்ணுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தொட்டால் கவனிக்க வேண்டும். தையல்காரரின் இஞ்ச் டேப் போதும்.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. இது பொம்பளைங்க விஷயம் என்று பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கோளாறு குடும்பத்தோடு வருவது. அப்பா வழியாகவும் வரும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்பாவுக்குச் சுகர். காலையில் அவருக்குக் கேழ்வரகு தோசை, கறிவேப்பிலைச் சட்னி, அளந்து இரண்டு. அதே மேஜையில், அதே கழுத்துக் கறுப்போடு உட்கார்ந்திருக்கும் மகளுக்கு நெய் ஊற்றி நான்கு வெள்ளை தோசை, தொட்டுக்கொள்ளச் சர்க்கரை, கூடவே 'வளர்ச்சிக்கு' என்று பவுடர் கலந்த பால். அந்தப் பவுடர்களில் பலவற்றில் கணிசமான பங்கு சர்க்கரை. இணையக் கடைகள் அவற்றை ஹெல்த் டிரிங்க் என்ற தலைப்பில் விற்கக் கூடாது என்று மத்திய அரசே 2024 ஏப்ரலில் சொல்லிவிட்டது. அப்பாவுக்குச் சமைப்பதையே எல்லோருக்கும் சமைத்தால் என்ன? அவளுக்கு மட்டும் தனித்தட்டு வைத்து, தம்பி எதிரில் சிப்ஸ் கொறிக்க, "நீ தொடாதே" என்பது வைத்தியம் ஆகாது. ஒரு பெண்ணை ராத்திரி ஒளிந்து சாப்பிட வைக்க இதைவிடச் சுருக்கு வழி இல்லை.

அடுத்தது விளையாட்டு. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. எட்டாம் வகுப்பு வரை கபடியில் மண்ணைக் கிளப்பிய பிள்ளையை, வயதுக்கு வந்ததும் மைதானத்திலிருந்து இறக்கிவிடுகிறோம். பத்தாம் வகுப்பில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்கிறார்; அதை என் சக ஆசிரியர்களிடமும் கேட்டுச் சண்டை போட்டிருக்கிறேன். சாயங்காலம் டியூஷன், ராத்திரி ஒன்பதரைக்குச் சாப்பாடு, பிறகு பாட்டி, அத்தை, எதிர்வீட்டு அக்கா எல்லோரும் ஒரே குரலில்: "என்னடி இப்படி ஊதிட்டே?" ஊதாமல் என்ன செய்வாள்? ஓடும்போதும் எடை தூக்கும்போதும் தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். மாத்திரை இல்லாமல் இந்தப் பூட்டைத் திறக்க உள்ள நேர்வழி அது. பருமனான பெண்ணுக்கு உடல் எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகத் தொடங்குகிறது. எடை இறங்காவிட்டாலும் உடற்பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும். யூடியூப் பார்த்துப் பட்டினி போடுவது வேறு, இது வேறு.

ஸ்கேன் விஷயத்தில் நாம் காட்டும் அவசரத்தையும் சொல்ல வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளையை வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கவைத்து ஸ்கேன் சென்டரில் உட்காரவைக்கிறோம். முதல் மாதவிலக்கு வந்து எட்டு வருடம் ஆகும்வரை ஸ்கேனை வைத்து இந்த நோயைத் தீர்மானிக்கக் கூடாது என்று 2023-இல் வந்த சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. வளரிளம் பெண்ணின் சினைப்பை இயல்பாகவே அப்படித் தெரியலாம். மாதவிலக்கு ஒழுங்கின்மையும் ஆண்ட்ரோஜன் மிகுதியும் இரண்டும் சேர்ந்திருக்கின்றனவா என்றுதான் அந்த வயதில் பார்க்கிறார்கள். தைராய்டு போன்ற மற்றக் காரணங்களை விலக்கவும் வேண்டும்.

ஸ்கேனுக்கு இருக்கும் இந்த அவசரம் சர்க்கரைச் சோதனைக்கு இல்லை. வெறும் வயிற்றில் ஒரு முறை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை ரத்தம் எடுக்க வேண்டும். இரண்டாவது அளவு 140-ஐத் தொட்டால் உஷார், 200 என்றால் சர்க்கரை நோய். லேபில் இரண்டு மணி நேரம் காத்திருக்கச் சலித்துக்கொண்டு, ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். நம் பெண்களில் ரத்தசோகை இல்லாதவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. ரத்தசோகை இருந்தால் அந்தச் சராசரி ஏமாற்றும். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று சென்னை டாக்டர் வி. சேஷய்யா போன்றவர்கள் விடாமல் சொல்லித் தமிழ்நாட்டில் அதை வழக்கமாக்கினார்கள். வயிற்றில் பிள்ளை வந்த பிறகு பார்க்கிறோம் சரி, அதற்குப் பத்து வருடம் முன்னால் அவளுக்காகவே பார்த்தால் ஆகாதா?

மாத்திரை பற்றி இரண்டு பிடிவாதங்கள். மெட்ஃபார்மின் எழுதிக்கொடுத்தால் "சுகர் மாத்திரையா, என் பொண்ணுக்கா" என்று சீட்டைக் கிழிக்கிறவர்கள் உண்டு. அது தனியாகச் சாப்பிடும்போது சர்க்கரையைச் சட்டென்று தாழ்த்திவிடும் மருந்து அல்ல. ஆரம்பத்தில் வயிற்றைப் பிரட்டும், அதனால்தான் சின்ன அளவில் தொடங்கிச் சாப்பாட்டோடு தருகிறார்கள். இன்னொரு கூட்டம், தேதி தள்ளிப்போனால் மெடிக்கலில் சீட்டில்லாமல் ஹார்மோன் மாத்திரை வாங்கி வரவழைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிடும். மாதக்கணக்கில் வராமலே இருப்பதையும் விடக் கூடாது. கருப்பையின் உள்சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டே போனால் பிற்காலத்தில் புற்றுநோய்வரை போகும் அபாயம் இருக்கிறது.

கல்யாணக் கவலைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். முட்டை வெளிவர நல்ல மருந்துகள் இருக்கின்றன, பெரும்பாலோர் பிள்ளை பெறுகிறார்கள். மறைக்க வேண்டிய குற்றம் எதுவும் இதில் இல்லை. "யார்கிட்டயும் சொல்லாதே" என்று நாம் வாயைப் பொத்துவதுதான் அவளை அறைக்குள் முடக்குகிறது. இந்தப் பெண்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம். டாக்டர்களே இப்போது அதையும் கேட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள்.

அடுத்த முறை மகளை டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போகும்போது அப்பாவும் கூடப் போங்கள். தேதிகள் குறித்த காலண்டரைக் கையில் கொண்டுபோங்கள். வீட்டில் யார் யாருக்குச் சுகர் என்பதை அவர் கேட்கும் முன்பே சொல்லுங்கள். டாக்டர் கொடுத்த சீட்டில் இரண்டு மணி நேரக் குளுக்கோஸ் சோதனை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், ஏன் இல்லை என்று கேளுங்கள்.